எட்டேழு எவ்வளவு என்றால் பாட ஆரம்பிக்கிறாள்

வாய்ப்பாடு என்றாலே என் மகளுக்கு வயிற்றுவலி வந்துவிடும். மூன்றாம் வகுப்பு. அதனால் புத்தகக் கண்காட்சியில் வாய்ப்பாட்டுப் பாட்டு பென்டிரைவைப் பார்த்ததும் 350 ரூபாய் கொடுத்து வாங்கிவிட்டேன். 2 முதல் 12 வரை, வாய்ப்பாட்டுக்கு ஒரு பாட்டு. பெயரைச் சொல்லப்போவதில்லை, குறைதான் அதிகம்.

முதலில் நல்லது. மெட்டுகள் ஒட்டிக்கொள்கின்றன, இரண்டே வாரத்தில் வீடு முழுக்க அதே பாட்டு, பக்கத்து வீட்டுப் பையனும் சேர்ந்துகொண்டான். ஒன்பதாம் வாய்ப்பாட்டுப் பாட்டு அருமை. 18, 27, 36 என்று பத்தாம் இடம் ஒவ்வொன்றாக ஏற ஒன்றாம் இடம் ஒவ்வொன்றாக இறங்குவதையும், இரண்டையும் கூட்டினால் ஒன்பதே வருவதையும் பாட்டிலேயே சொல்லிவிடுகிறார்கள். அவளே 90 வரை கூட்டிப் பார்த்துவிட்டு ஓடிவந்து சொன்னாள்.

அப்புறம்தான் சிக்கல். எட்டேழு எவ்வளவு என்று கேட்டால் உடனே பதில் வராது. ஏழு, பதினாலு, இருபத்தொண்ணு என்று முதலிலிருந்து பாடி, விரலை மடக்கிக்கொண்டே வந்து ஐம்பத்தாறில் நிற்பாள். பரீட்சையில் இப்படி ஒவ்வொரு கணக்குக்கும் பாடிக்கொண்டிருந்தால் மணி அடித்துவிடும். இதில் ஆறுக்கும் எட்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே மெட்டு வேறு. 24-ம் 48-ம் இரண்டு வாய்ப்பாட்டிலுமே வருகிற எண்கள், அதனால் ஆறில் கிளம்பி 48 வரை ஒழுங்காக வந்தவள் அங்கேயே தடம் மாறி 56, 64 என்று எட்டில் போய்விடுகிறாள். மெட்டுப் போட்டவர் ஒரு குழந்தையைப் பாடவைத்துப் பார்த்திருந்தாலே இது தெரிந்திருக்கும்.

என் அப்பாவிடம் எட்டேழு என்று கேட்டால் யோசிக்காமல் ஐம்பத்தாறு என்பார். அவர் படித்த வாய்ப்பாடும் ராகம்தான், ஆனால் "ஈரேழு பதினாலு, மூவேழு இருபத்தொண்ணு" என்று கேள்வியும் பதிலும் ஒரே மூச்சில் சேர்ந்து வரும், எங்கிருந்து வேண்டுமானாலும் பிடிக்கலாம். இந்தப் பாட்டுகளில் வெறும் விடைகள் மட்டும் வரிசையாக ஓடுகின்றன. பழைய எண்சுவடியில் இருந்ததைப் பாதி வெட்டிவிட்டு மேலே கீபோர்டு வாசித்த மாதிரி இருக்கிறது.

2, 5, 9, 10-க்கு இது போதும், 6, 7, 8-க்கு உதவாது. பதினாறாம் வாய்ப்பாடு கிடையவே கிடையாது. இப்போது தினமும் ராத்திரி தாத்தா குறுக்கும் நெடுக்குமாகக் கேள்வி கேட்கிறார், பாடக் கூடாது என்பது நிபந்தனை. உதடு மட்டும் லேசாக அசைகிறது.