மல்டிபிள் ஸ்கிளிரோசிஸில் சிறுநீர்ப்பைக் கோளாறு: ஸ்கேனா, யூரோடைனமிக்ஸா?

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் மூளை, தண்டுவட நரம்புகளைத் தாக்கும் நோய்; சிறுநீர்ப்பையையும் பாதிக்கலாம். எந்தச் சோதனையானாலும் முதலில் சிறுநீர்ப் பரிசோதனை. கிருமித்தொற்று இருந்தால் இரண்டுமே ஏமாற்றும்.

அல்ட்ராசவுண்ட் ஸ்கேனுக்குக் குழாய் வேண்டாம். சிறுநீர் கழித்த கையோடு அடிவயிற்றில் கருவியை வைத்தால் மிச்சம் எவ்வளவு என்று தெரியும். அரை மணி தாமதித்தால் புதிதாக ஊறியதும் கணக்கில் சேரும்; சினைப்பைக் கட்டியைக்கூடச் சிறுநீர் என்று காட்டிவிடலாம். திரும்பத் திரும்ப 100 மி.லி.க்கு மேல் நின்றால் பை சரியாகக் காலியாகவில்லை. ஏன் என்று மட்டும் சொல்லாது.

அதைச் சொல்வது யூரோடைனமிக்ஸ். சிறுநீர்ப்பையில் ஒன்று, மலக்குடலில் ஒன்று என மெல்லிய குழாய்கள். உப்புநீரை மெதுவாக நிரப்பி அழுத்தம் அளப்பார்கள். வயிற்றின் அழுத்தத்தைக் காட்டும் மலக்குடல் அழுத்தத்தைக் கழித்தால்தான் பைத்தசையின் சொந்த அழுத்தம் கிடைக்கும். இடையிடையே இருமச் சொல்வது, இரு குழாய்களின் அழுத்தக் கோடும் ஒத்து ஏறுகிறதா என்று பார்க்கத்தான். தசை மின்பதிவும் சேர்ந்தால், பை சுருங்கும்போதே சிறுநீர் வழியை மூடும் சுருக்குத்தசை இறுகுகிறதா என்பதும் பிடிபடும். எடுத்த எடுப்பில் எல்லோருக்கும் இது தேவையில்லை; மருந்துக்கு அடங்காதபோது, சிறுநீரகம் வீங்கும்போது, அறுவைக்கு முன் செய்வார்கள்.