பழைய கம்ப்யூட்டரை ரிப்பேருக்குக் கொடுக்கும் முன் மூடியைத் திறந்து போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்

ஊட்டி, கோத்தகிரி பக்கம் யார் வீட்டிலாவது பழைய பிபிசி மைக்ரோ (1980-களில் இங்கிலாந்தில் வந்த வீட்டுக் கம்ப்யூட்டர்) இருந்து, அது ஆன் ஆகவில்லை என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போகப் பார்த்தால், முதலில் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு 7,000 ரூபாய் போனது, ஒரு சிப் போனது, வீடு தீப்பிடிக்காமல் இருந்ததே பெரிய விஷயம்.

எங்கள் பெரியப்பா 1985-ல் இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்த மெஷின், மாடல் பி, 32 கேபி மெமரி. 1984-ல் பள்ளிகளில் கம்ப்யூட்டர் கற்றுக்கொடுக்க அரசு கொண்டுவந்த கிளாஸ் (CLASS) திட்டம் வந்தபோது நம் நாட்டுப் பள்ளிகளுக்கும் பிபிசி மைக்ரோவைத்தான் கொடுத்தார்கள், அதனால் அந்தக் காலத்து ஆசிரியர்களுக்கு இது பழகிய பெயர்தான். பெரியப்பா கணக்கு வாத்தியார். கேள்வித்தாளை எல்லாம் வேர்ட்வைஸ் என்ற டைப்பிங் புரோகிராமில்தான் அடிப்பார், அது டிஸ்கில் வருவதில்லை, உள்ளே சாக்கெட்டில் செருகிய ஒரு ரோம் சிப்பிலேயே பதிந்திருக்கும்.

போன ஐப்பசியில், பல வருஷமாக அலமாரியில் கிடந்ததை எடுத்து ஆன் செய்தேன். முதலில் கனமாக ஒரு சத்தம், அடுத்து சின்னதாக ஒரு பீப், சரியாகத்தான் எழுந்தது. ஐந்து நிமிஷத்தில் 'டப்' என்று வெடித்து இடதுபக்கம் வெள்ளையாகப் புகை வந்தது, கருகிய மீன் மாதிரி ஒரு நாற்றம், அவ்வளவுதான், செத்துப்போச்சு.

கோயம்புத்தூரில் பழைய சாமான் எல்லாம் பார்ப்போம் என்ற ஒரு கடைக்குப் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். "சார், போர்டு மொத்தமும் அடிவாங்கியிருக்கு, பவர் சப்ளையே புதுசா போடணும்" என்றார். மூன்று வாரம் கழித்து பில் கொடுத்தார், புது பவர் சப்ளை 4,800, ஐசி (சிப்) வேலை 2,200. அங்கே ஆன் செய்து காட்டினார், வேலை செய்தது. பழைய பாகங்களைக் கேட்டதற்கு "குப்பையில் போட்டாச்சு சார்" என்றார். அந்த இடத்திலேயே நான் மூடியைத் திறந்து காட்டச் சொல்லியிருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து பத்தாம் நாள் மறுபடியும் அதே வெடி, அதே நாற்றம். இந்தத் தடவை வீட்டு எம்சிபியே விழுந்துவிட்டது, சுவரில் இருந்த பிளக் பாயின்ட் கரிபிடித்துப் போனது.

அப்புறம்தான் பக்கத்துத் தெரு அண்ணனிடம் காட்டினேன், அவர் இந்து நகர் ஃபிலிம் ஃபேக்டரியில் எலெக்ட்ரிக்கல் மெயின்டனன்ஸில் இருந்தவர். பிளக்கைப் பிடுங்கி, மிச்சம் இருக்கும் சார்ஜ் இறங்கட்டும் என்று ஒரு ராத்திரி அப்படியே விட்டுத்தான் பவர் சப்ளை பெட்டியைத் திறந்தார். உள்ளே புதிது என்று எதுவுமே இல்லை. ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில், தலைமுடியைவிடக் கொஞ்சம் தடித்த செம்புக் கம்பி நாலைந்து இழையை முறுக்கி ஈயம் வைத்திருந்தார்கள். அளவுக்கு மீறி கரண்ட் போனாலும் அந்தக் கம்பி அறுந்து தடுக்காது என்று அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார்.

வெடித்தது என்ன தெரியுமா? மின்சாரம் நுழையும் இடத்தில், மின் இரைச்சலை வடிகட்ட வைத்திருக்கும் ரிஃபா கம்பெனி கெபாசிட்டர். அதில் இரண்டு உண்டு, ஒன்று 0.1 மைக்ரோஃபாரட், இன்னொன்று 0.01. உள்ளே காகிதச் சுருள், மேலே கண்ணாடி மாதிரி மஞ்சள் பிளாஸ்டிக் ஓடு. வருஷம் போகப்போக ஓட்டில் கோடு கோடாக விரிசல் விடும், காற்றின் ஈரம் உள்ளே இறங்கும், கரண்ட் கொடுத்ததும் வெடிக்கும். துணிகூடக் காயாத நம் ஊர் மழைக்காலத்தில் கேட்கவே வேண்டாம். முதல் தடவை பெரியது போயிருக்கிறது, கடைக்காரர் அந்தக் கருகிய கெபாசிட்டரைக்கூடக் கழற்றவில்லை, பத்தாம் நாள் சின்னது போனது. இரண்டையும் 275 வோல்ட் எக்ஸ்2 வகையில் (வீட்டு மின்சாரத்தில் நேரடியாகப் போடுவதற்கென்றே இருக்கும் பாதுகாப்பான வகை) மாற்றி, சரியான ஃபியூஸ் போட்டு, போர்டுக்குப் போகும் சிவப்பு வயரில் 5 வோல்ட் வருகிறதா என்று மீட்டர் வைத்துப் பார்த்த பிறகுதான் அண்ணன் போர்டில் இணைத்தார். பாகங்களுக்கு ஆன செலவு 200 ரூபாய்கூட இல்லை. போர்டுக்கு ஒன்றுமே ஆகவில்லை.

ஆன் ஆனதும் வேர்ட்வைஸைத் திறக்க ஸ்டார் வேர்ட்வைஸ் (*WORDWISE) என்று அடித்தேன், அப்படி ஒரு கட்டளையே இல்லை என்கிற மாதிரி பேட் கமாண்ட் என்று வந்தது. கீபோர்டைத் தூக்கிப் பார்த்தால் வேர்ட்வைஸ் சிப் இருந்த சாக்கெட் காலி. பெரியப்பா பேனாவில் 'வே' என்று எழுதி ஒட்டிய சின்ன ஸ்டிக்கர் அந்த சிப்பின் மேல் இருந்தது, எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, ஆனால் காட்ட ஒரு போட்டோ இல்லை. அதனால்தான் தலைப்பிலேயே சொன்னேன். கொடுக்கும் முன் உள்ளே இருக்கும் ஒவ்வொரு சிப்பையும் படம் எடுங்கள், கழற்றிய பாகம் திரும்ப வேண்டும் என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். புகை வந்த மெஷினைப் பெட்டியைக்கூடத் திறக்காமல் போர்டு போச்சு என்று யாராவது சொன்னால் அப்படியே திரும்பிவிடுங்கள்.

கடைக்காரருக்குப் போன் செய்தேன், "பழைய சாமானுக்கு கேரண்டி கிடையாது" என்று வைத்துவிட்டார். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம், கோயம்புத்தூருக்கு அலைய வேண்டியதில்லை. பில்லும் அந்த செம்புக் கம்பியும் ஒரு கவரில் போட்டு வைத்திருக்கிறேன், திங்கட்கிழமை ஊட்டியிலேயே கொடுக்கப்போகிறேன்.