குவைத் எம்பசி ஓப்பன் ஹவுஸ்: பேப்பரோடு போங்க, பேச்சு எடுபடும்

இந்தியத் தூதர் நேரில் உட்கார்ந்து குறை கேட்கும் ஓப்பன் ஹவுஸைப் பற்றி நம் வாட்ஸப் குரூப்பில் அடிக்கடி ஒரே கேள்வி வருகிறது. "போனா வேலை நடக்குமா?" நடக்கும். ஆனால் எல்லா வேலையும் நடக்காது. எது தூதர் கையில் இருக்கிறது, எது இல்லை என்று தெரிந்துகொண்டு போனால் அரை நாள் சம்பளம் பிடித்தாலும் வருத்தம் இருக்காது. அதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் போனது எனக்காக இல்லை. எங்கள் தொழிலாளர் கேம்ப்பில் தங்கியிருந்த அறந்தாங்கிப் பக்கத்துத் தம்பிக்குத் துணையாகப் போனேன். கிளீனிங் கம்பெனி, பெயர் வேண்டாம். மாதக்கணக்கில் சம்பளப் பாக்கி. பாஸ்போர்ட் மந்தூப் கையில், அதாவது கம்பெனிக்காக அரசு அலுவலக வேலை பார்க்கும் ஆள் கையில். பத்தாக்காவும் (சிவில் ஐடி அட்டை) காலாவதியாகிவிட்டது. ஊரில் அம்மாவுக்கு ஆபரேஷன். போகணும் என்று கேட்டால் "கணக்கு முடிச்சிட்டுப் போ" என்பார்கள். கணக்கை மட்டும் முடிக்க மாட்டார்கள். கல்ஃபில் இருப்பவர்களுக்கு இந்தக் கதையை விளக்க வேண்டியதில்லை.

பெயர், பாஸ்போர்ட் நம்பர், சிவில் ஐடி நம்பர், போன் நம்பர், குவைத் முகவரி, என்ன குறை என்பதை எல்லாம் முன்கூட்டியே மெயிலில் அனுப்பச் சொல்கிறார்கள். தயவுசெய்து அனுப்பிவிடுங்கள். அங்கே போய் வரிசையில் நின்று முதல் முறையாகக் கதை சொல்வதற்கும், அதிகாரி ஏற்கெனவே படித்துவிட்டு உட்கார்ந்திருப்பதற்கும் நிறைய வித்தியாசம். தய்யாவில் எம்பசி வளாகத்திலேயே நடக்கிறது. சில சமயம் அப்பாசியா, ஃபஹாஹீல் பக்கமும் வைக்கிறார்கள். கேம்ப் ஆட்களுக்கு அதுதான் வசதி, டாக்ஸிக் காசு மிச்சம்.

தம்பிக்கு மேசைக்கு முன்னால் உட்கார்ந்ததும் வாய் வரவில்லை. ஏஜென்ட்டுக்கு ஊரில் எவ்வளவு கொடுத்தேன், நகையை எங்கே வைத்தேன் என்று ஆரம்பத்திலிருந்து தொடங்கினான். நான்தான் இந்தியில் எடுத்துச் சொன்னேன். தூதர் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு அவர் கேட்டது ஒன்றுதான்: "சம்பளம் கையில் வந்ததா, பேங்கில் வந்ததா?" பேங்க் ஸ்டேட்மென்ட்டை நீட்டினோம். பக்கத்தைத் திருப்பி, கடைசியாகச் சம்பளம் ஏறிய வரியில் விரலை வைத்து, பக்கத்தில் இருந்த லேபர் அதிகாரி பக்கம் தாளை நகர்த்தினார். அவர் அந்தத் தேதியைக் குறித்துக்கொண்டார், மந்தூப் நம்பரைக் கேட்டார். அவ்வளவுதான், எங்கள் நேரம் முடிந்தது. "அண்ணே, இவ்ளோதானா?" என்று வெளியே வந்து கேட்டான். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது.

ஆனால் கம்பெனிக்குப் போன் போனது. ஷூனில் (தொழிலாளர் புகாரை வாங்கும் குவைத் அரசு அலுவலகம்) புகார் எழுதவும் வழி காட்டினார்கள். பாஸ்போர்ட் வந்தது, சம்பளத்தில் ஒரு பகுதி வந்தது, அவன் ஊர் போய்ச் சேர்ந்தான். மீதிப் பணத்தைக் கம்பெனி இன்னும் தரவில்லை, வழக்கு ஓடுகிறது. அங்கே கவுன்டரில் இருப்பவரும் தூதரும் ஒரே அறையில் உட்கார்ந்திருப்பதுதான் இதன் பலம். பெரியவர் கண் முன்னால் குறித்த தேதி அவ்வளவு சீக்கிரம் மறக்காது.

தூதர் ஏன் கம்பெனிக்காரனைக் கூப்பிட்டு ஒரு அதட்டு அதட்டவில்லை என்று கேம்ப்பில் பலருக்குக் கோபம். அவரால் முடியாது. தூதர்களுக்கான 1961 வியன்னா ஒப்பந்தத்தின்படி அவர் இந்த நாட்டுச் சட்டத்தை மதிக்க வேண்டும், உள் விவகாரத்தில் தலையிடக் கூடாது. தன் நாட்டு மக்களின் நலனைக் காப்பதும் அதே ஒப்பந்தத்தில் அவருக்கு எழுதிய வேலைதான். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் அவர் நிற்க வேண்டும். நம் ஆள் ஜெயிலில் இருந்தால் போய்ப் பார்த்துப் பேசும் உரிமை தூதரகப் பணிகளுக்கான 1963 வியன்னா ஒப்பந்தத்தில் இருக்கிறது. ஆனால் தீர்ப்பை மாற்றச் சொல்லும் அதிகாரம் எம்பசியில் யாருக்கும் இல்லை. வட்டிக்கு வாங்கிய கடன், குடும்பத் தகராறு, இவற்றோடு போகாதீர்கள்.

அந்த நாற்காலிக்கு வருவதும் லேசில்லை. யுபிஎஸ்சி எழுதி ஐஎஃப்எஸ் (இந்திய வெளியுறவுப் பணி) கிடைத்து, டெல்லியில் பயிற்சி, கட்டாயமாக ஒரு வெளிநாட்டு மொழி, மூன்றாம் செயலாளராகத் தொடங்கி நாடு நாடாகப் போய், எத்தனையோ வருடம் கழித்துத்தான் குடியரசுத் தலைவர் கையெழுத்திட்ட கடிதத்தோடு குவைத் மன்னரான அமீர் முன்னால் போய் நிற்க முடியும். அவர் நேரத்தில் பெரும்பகுதி எண்ணெய், வியாபாரம், மந்திரிகள் வருகை என்று நமக்குத் தெரியாத வேலையில் போகும். 2024 டிசம்பரில் பிரதமர் மோதி வந்தாரே, 1981-ல் இந்திரா காந்தி வந்ததற்குப் பிறகு 43 வருடம் கழித்து வந்த முதல் இந்தியப் பிரதமர் அவர். அப்படி ஒரு பயணத்துக்கு எம்பசியில் எத்தனை பேர் எத்தனை நாள் உழைத்திருப்பார்கள்! அந்தப் பயணத்தில் மினா அப்துல்லாவில் தொழிலாளர் கேம்ப்புக்கும் கூட்டிப் போனார்களே, அது எனக்குப் பெரிய சந்தோஷம்.

ஆனாலும் ஒரு தூதரை நான் மதிப்பிடுவது வேறு நாட்களை வைத்துத்தான். 2024 ஜூன் 12 விடியற்காலையில் மங்காஃபில் தொழிலாளர்கள் தங்கியிருந்த கட்டடம் எரிந்தபோது நம் நாட்டுக்காரர்கள் நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரை விட்டார்கள். அதில் 7 பேர் தமிழ்நாட்டுப் பிள்ளைகள். அன்றைக்குத் தூதர் சம்பவ இடத்துக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் போனார். இரண்டே நாளில் விமானப்படை விமானம் உடல்களைக் கொச்சிக்குக் கொண்டுபோனது. பிணம் ஊர் போய்ச் சேர வாரக்கணக்கில் ஆவதைப் பார்த்த எங்களுக்கு அந்த வேகம் என்னவென்று தெரியும்.

ஒரு முக்கியமான விஷயம். தூதர்கள் பெரும்பாலும் மூன்று வருடத்துக்கு ஒரு முறை மாறிவிடுவார்கள், அதிகாரிகளும் அப்படித்தான். உங்கள் குறையை ஒருத்தர் தலையில் மட்டும் ஏற்றி வைக்காதீர்கள். வெளியுறவு அமைச்சகத்தின் மதத் போர்ட்டல், அதாவது குறையைப் பதியும் இணையதளம், 2015 முதல் இருக்கிறது. அதிலும் பதிந்து நம்பர் வாங்கிக்கொள்ளுங்கள். ஆள் மாறினாலும் அந்த நம்பர் இருக்கும். கம்பெனி பகலில் லீவு தராத ஆட்களுக்கும் அதுதான் வழி. விசா இருபதில் (வீட்டு வேலைக்கான விசா) வேலை பார்க்கும் பெண்கள் வாசலைத் தாண்டவே முடியாமல் இருப்பார்கள். உங்களுக்குத் தெரிந்த யாராவது அப்படி இருந்தால் ஹெல்ப்லைனுக்கு நீங்கள் போன் செய்யுங்கள். எம்பசி காப்பகத்தில் இடம் கொடுக்கிறார்கள்.

போகும்போது வேலை ஒப்பந்த நகல், பேங்க் ஸ்டேட்மென்ட், பாஸ்போர்ட் முதல் பக்கம், கடைசிப் பக்கம், சிவில் ஐடி எல்லாம் இரண்டு செட் பிரின்ட் எடுத்துக்கொள்ளுங்கள். போனில் ஸ்கிரீன்ஷாட் காட்டாதீர்கள், அதை யாரும் ஃபைலில் வைக்க முடியாது. இந்தியோ இங்கிலீஷோ தெரிந்த ஒருத்தரைக் கூட்டிப் போங்கள். தேதியை எம்பசி தன் சமூக ஊடகப் பக்கங்களில் போடும். அன்றைக்குக் கொஞ்சம் முன்னாடியே போய்ப் பதிவு செய்துவிடுங்கள்.