எக்ஸ்எஃப்சிஇ திணறினால்: உள் கம்போசிட்டரா, பைகாமா, எதுவுமே வேண்டாமா?

சாளரத்தைப் பிடித்து இழுத்தால் மவுஸுக்குப் பின்னால் தள்ளாடி வருகிறது. பிரவுசரில் பக்கத்தை உருட்டினால் விட்டு விட்டு நகர்கிறது. லினக்ஸில் எக்ஸ்எஃப்சிஇ என்ற டெஸ்க்டாப்பை வைத்திருப்பவர்களுக்கு இதற்கு மூன்று வழிகள் உண்டு: அதன் விண்டோ மேனேஜரோடு (சாளரங்களை நிர்வகிக்கும் நிரல்) வரும் கம்போசிட்டரை, அதாவது எல்லாச் சாளரங்களின் படங்களையும் சேர்த்து ஒரே திரையாக்கும் பகுதியைச் சரிசெய்வது, அதை அணைத்துவிட்டு பைகாம் என்ற தனிக் கம்போசிட்டரை ஓட்டுவது, கம்போசிட்டரே இல்லாமல் இருப்பது. ஒருவருக்குப் பலித்த வழி இன்னொருவருக்குப் பலிக்காமல் போவதற்குக் காரணம், மூன்றும் வெவ்வேறு கோளாறுகளுக்கான மருந்து என்பதுதான்.

முதலில் எங்கே அடைக்கிறது என்று பாருங்கள்

மெசா-யுடில்ஸ் தொகுப்பில் உள்ள ஜிஎல்எக்ஸ்இன்ஃபோ கட்டளையை ஓட்டி, படத்தை வரைவது எது என்று சொல்லும் ரெண்டரர் வரியைப் பாருங்கள். அங்கே எல்எல்விஎம்பைப் என்று இருந்தால் கிராஃபிக்ஸ் சிப் வேலையே செய்யவில்லை, எல்லாவற்றையும் சிபியு வரைந்துகொண்டிருக்கிறது என்று பொருள். மெய்நிகர் கணினிகளில் இது அடிக்கடி நடக்கும். டிரைவரைச் சரிசெய்யாமல் கம்போசிட்டரில் எதை மாற்றினாலும் பயன் சொற்பம்.

ரெண்டரர் சரியாக இருந்தால், ஒரு டெர்மினலில் டாப் (எந்த நிரல் எவ்வளவு சிபியு எடுக்கிறது என்று காட்டும் கட்டளை) ஓடட்டும்; மறு கையால் ஒரு சாளரத்தைப் பத்து விநாடி சுற்றி இழுங்கள். திரையை வரையும் சர்வரான எக்ஸ்ஆர்க் அந்தப் பட்டியலில் மேலே ஏறினால் டிரைவர் பக்கம் சந்தேகப்படலாம். விண்டோ மேனேஜர் ஏறினால் நிழல், ஒளிபுகும் தன்மை போன்ற அலங்காரங்கள் பக்கம். இழுக்கும் சாளரத்துக்குக் கீழே இருக்கும் செயலி ஏறினால் குற்றவாளி அதுவே. எதுவுமே ஏறவில்லை, ஆனாலும் திணறுகிறது என்றால் அது ஒத்திசைவுக் கோளாறு. 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு ஃபிரேமுக்கு 16.7 மில்லிவிநாடிதான் அவகாசம். அதைக் கொஞ்சம் தவறவிட்டாலும் அடுத்த சுற்றுவரை காத்திருக்க வேண்டும். கண்ணுக்கு அது வெட்டாகத் தெரியும். நம்மில் பலர் குறை சொல்லும் "ஸ்லோ" இந்தக் கடைசி வகைதான்.

உள் கம்போசிட்டர்

2019 ஆகஸ்டில் வந்த எக்ஸ்எஃப்சிஇ 4.14 பதிப்பில்தான் இதற்கு முறையான விசிங்க் (ஃபிரேம்களைத் திரையின் புதுப்பிப்போடு ஒத்திசைப்பது) கிடைத்தது. அது இரண்டு வழிகளில் இயங்கும்: எக்ஸ்பிரசென்ட், ஜிஎல்எக்ஸ். செட்டிங்ஸ் எடிட்டரைத் திறந்து, விண்டோ மேனேஜருக்கான எக்ஸ்எஃப்டபிள்யூஎம்4 சேனலில் ஜெனரலின் கீழ் உள்ள விபிளாங்க் மோட் என்ற இடத்தில் எது இருக்கிறது என்று பாருங்கள். ஆட்டோ என்று இருந்தால் தேர்வை அது தானே செய்துகொள்ளும், அந்தத் தேர்வு உங்கள் கணினிக்குப் பொருந்தாமலும் போகலாம். இன்டெல், ஏஎம்டி சிப்களில் முதலில் எக்ஸ்பிரசென்டை முயலுங்கள். என்விடியாவின் மூடிய டிரைவர் என்றால் ஜிஎல்எக்ஸ். மாற்றிய பின் விண்டோ மேனேஜரை ரீப்ளேஸ் விருப்பத்தோடு மறுபடி தொடங்க வேண்டும். இல்லாவிட்டால் பழைய முறையையே சோதித்துக்கொண்டிருப்பீர்கள். டெர்மினலில் தொடங்கினால் அதிலிருந்து பிரித்துப் பின்னணியில் விடுங்கள். இல்லாவிட்டால், அந்த டெர்மினலை மூடும்போது விண்டோ மேனேஜரும் போய், தலைப்புப் பட்டைகள் மறைந்து, விசைப்பலகை எந்தச் சாளரத்துக்கும் போகாமல் நிற்கும். அப்படி ஆனால் கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தி உரைத் திரைக்குப் போய்ச் சரிசெய்யலாம்.

விண்டோ மேனேஜர் ட்வீக்ஸில் கம்போசிட்டர் தாவலையும் ஒருமுறை பாருங்கள். நகர்த்தும்போது சாளரத்தின் ஒளிபுகாத் தன்மை எவ்வளவு என்று அங்கே ஒரு ஸ்லைடர் உண்டு. அது முழு அளவுக்குக் குறைவாக இருந்தால், ஒவ்வொரு ஃபிரேமிலும் கீழே உள்ளதையும் வரைந்து மேலே கலக்க வேண்டும். இழுக்கும்போது மட்டும் திணறுகிறது என்றால் முதலில் தொட வேண்டியது இதைத்தான்.

சாளரத்தின் அளவை மாற்றும்போது வரும் திணறல் வேறு கதை. அங்கே செயலி ஒவ்வொரு புதிய அளவுக்கும் தன்னை முழுதாக வரைந்து தர வேண்டும், எந்தக் கம்போசிட்டரும் அதை வேகப்படுத்தாது. விண்டோ மேனேஜர் அமைப்பில் அட்வான்ஸ்டு தாவலுக்குப் போய், அளவு மாற்றும்போது உள்ளடக்கத்தை மறைக்கச் சொல்லுங்கள். பழைய கணினிகளில் இந்த ஒரு டிக் தரும் நிம்மதி வேறெதிலும் இல்லை.

பைகாம்

காம்ப்டன் என்ற பழைய கம்போசிட்டரிலிருந்து கிளைத்து, 2019-இல் பெயர் மாறியது. இதன் பலம், ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் திருகிப் பார்க்க முடிவது. பலவீனமும் அதுவே: இணையத்தில் கிடைக்கும் அழகழகான கான்ஃபிக் கோப்புகளை அப்படியே ஒட்டுபவர்கள், இருந்த வேகத்தையும் இழக்கிறார்கள்.

உள் கம்போசிட்டரை அணைத்த பிறகுதான் இது ஓடும். இரண்டு கம்போசிட்டர்கள் ஒரே திரையை ஆள முடியாது என்பதால், வேறொன்று ஓடுகிறது என்று சொல்லி வெளியேறிவிடும். தொடக்கத்துக்கு ஐந்து வரி போதும்: பேக்எண்டு (வரையும் முறை) ஜிஎல்எக்ஸ், விசிங்க் ட்ரூ, யூஸ்-டேமேஜ் ட்ரூ, ஷேடோ ஃபால்ஸ், ஃபேடிங் ஃபால்ஸ். கூடவே வரும் மாதிரிக் கோப்பில் நிழலும் ஃபேடிங்கும் இயக்கத்தில் இருக்கும், அதை நகலெடுத்தால் அவற்றை அணைக்க மறக்காதீர்கள். யூஸ்-டேமேஜ் என்பது மாறிய பகுதியை மட்டும் வரையச் சொல்வது. திரையில் பழைய துணுக்குகள் அழியாமல் நின்றால், சோதனைக்காக அதை அணைத்துப் பாருங்கள். எல்எல்விஎம்பைப்பில் மாட்டிக்கொண்ட கணினியில் பேக்எண்டை எக்ஸ்ரெண்டருக்கு மாற்றுவது மேல்.

மங்கலாக்கும் விளைவான பிளர் பற்றிக் கொஞ்சம் கணக்குப் போடலாம். 1920க்கு 1080 திரையில் ஒரு ஃபிரேம் சுமார் 8.3 மெகாபைட். விநாடிக்கு 60 முறை என்றால் 500 மெகாபைட்டுக்கு அருகில். 4கே திரையில் இது நான்கு மடங்காகி 2 ஜிகாபைட்டைத் தொடும். அதுவும் ஒரே ஒரு முறை எழுதுவதற்கு. சாளரங்களைப் படிப்பது, திரைக்கு அனுப்புவது எல்லாம் தனி. டிடிஆர்3-1600 ரேம் ஒற்றைக் குச்சியாக இருந்தால் ஏட்டளவில் விநாடிக்கு 12.8 ஜிகாபைட்தான் தரும். உள்ளமை கிராஃபிக்ஸும் சிபியுவும் அதையே பங்கு போட்டுக்கொள்கின்றன. பிளர் அதே பரப்பைப் பல சுற்று படித்து எழுதுகிறது. இப்படிப்பட்ட கணினியில் பிளர் வேண்டவே வேண்டாம். இரண்டாவது ரேம் குச்சி போட்டு அலைவரிசையை இரட்டிப்பாக்குவது எந்தக் கான்ஃபிக்கை விடவும் பலன் தரும்.

கம்போசிட்டரே இல்லாமல்

இதுதான் எப்போதும் வேகமானது என்ற நம்பிக்கை பாதிதான் உண்மை. கம்போசிட்டர் இருக்கும்போது ஒவ்வொரு சாளரத்தின் படமும் தனியே சேமிப்பில் இருக்கும். இல்லாதபோது, மேலே ஒரு சாளரம் நகர்ந்தால் கீழே வெளிப்படும் பகுதியை அந்தச் செயலியே மறுபடி வரைய வேண்டும். கனமான செயலி கீழே இருந்தால் இழுத்த தடம் திரையில் கோடாக நிற்கும். ஆகவே சிறிய செயலிகளை மட்டும் ஓட்டுபவர்களுக்கு இது லாபம். பத்துத் தாவல்களோடு பிரவுசர் வைத்திருப்பவர்களுக்குச் சில நேரம் நஷ்டம்.

திரைக்கிழிவும் வரும், அதாவது படத்தின் மேல் பகுதியும் கீழ்ப் பகுதியும் பொருந்தாமல் தெரியும். இன்டெல், ஏஎம்டிஜிபியு எக்ஸ் டிரைவர்களில் டியர்ஃப்ரீ என்ற விருப்பத்தை இயக்கினால் நிற்கும், விலை ஒரு கூடுதல் பஃபரும் (ஒரு ஃபிரேமுக்கான நினைவகம்) சிறு தாமதமும். டியர்ஃப்ரீயையும் கம்போசிட்டரின் விசிங்கையும் சேர்த்து இயக்காதீர்கள். இரண்டும் மாறி மாறிக் காத்திருந்து, மவுஸுக்கும் சாளரத்துக்கும் இடையிலான தூரம் கூடுகிறது. என்விடியாவில் கிழிவைத் தடுக்கும் ஃபோர்ஸ் ஃபுல் காம்போசிஷன் பைப்லைன் விருப்பத்துக்கும் இதே எச்சரிக்கை.

எங்கே தொடங்குவது

இன்டெல் உள்ளமை கிராஃபிக்ஸ், ஒரே 60 ஹெர்ட்ஸ் திரை என்றால் உள் கம்போசிட்டரும் எக்ஸ்பிரசென்டும் போதும். பைகாமுக்குப் போக வேண்டியதில்லை. எக்ஸ்பிரசென்ட், ஜிஎல்எக்ஸ் இரண்டிலும் வெட்டு நிற்காதபோதுதான் பைகாம். 4 ஜிபிக்குக் குறைவான ரேம், மிகப் பழைய சிப் என்றால் மூன்றாவது வழி.

60, 144 ஹெர்ட்ஸ் என இரண்டு திரைகளைச் சேர்த்து வைத்திருப்பவர்களுக்கு இந்த மூன்றும் முழுத் தீர்வு அல்ல. இதுவரை பேசிய திரை அமைப்பான எக்ஸ்11 இரண்டையும் ஒரே பெரிய பரப்பாகவே வரைகிறது, கம்போசிட்டர் ஏதோ ஒரு திரையின் தாளத்துக்குத்தான் ஆட முடியும். 2024 டிசம்பரில் வந்த எக்ஸ்எஃப்சிஇ 4.20-இல், எக்ஸ்11-க்கு மாற்றான வேலண்டுக்கு ஆதரவு சோதனை நிலையில் இருக்கிறது. ஆனால் அங்கே எக்ஸ்எஃப்சிஇ-யின் சொந்த விண்டோ மேனேஜர் ஓடாது. லேப்டபிள்யூசி அல்லது வேஃபயர் என்ற வேலண்ட் கம்போசிட்டரைத்தான் கூட வைத்துக்கொள்ள வேண்டும், அப்போது மேலே சொன்ன அமைப்புகள் எதுவும் பொருந்தாது.