55 வயதுக்கு மேல் தொழில் தொடங்க பிஎம்இஜிபி: எதை நம்பலாம், எங்கே இடிக்கும்

மசாலாப் பொடி, செக்கு எண்ணெய், தையல் யூனிட் மாதிரித் தொழில்களுக்கு ஏஞ்சல் முதலீட்டாளரை, அதாவது புதுத் தொழிலில் பங்குக்காகச் சொந்தப் பணம் போடுபவரை, தேடி அலைவது வீண். போட்ட பணம் சில வருஷத்தில் பல மடங்காகும் என்றால்தான் அவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். தமிழக அரசின் வேலையற்ற இளைஞர்களுக்கான மானியக் கடன் திட்டமான யுஒய்ஈஜிபியிலோ பொதுப் பிரிவுக்கு 45, சிறப்புப் பிரிவுக்கு 55 என்று வயது வரம்பு உண்டு. புதுத் தொழிலுக்கு வங்கிக் கடனோடு மானியமும் தரும் மத்திய அரசின் பிஎம்இஜிபியில் (பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம்) 18 நிரம்பியிருந்தால் போதும், மேல் வரம்பே கிடையாது.

2022 முதல் திட்ட மதிப்பு உற்பத்திக்கு 50 லட்சம், சேவைக்கு 20 லட்சம் வரை. ஊராட்சிப் பகுதியில் 60 வயதுப் பெண் ஒருவர் 10 லட்சத்தில் செக்கு போடுகிறார் என்று வைப்போம். கைக்காசு 5%, அதாவது 50,000. மீதி 9.5 லட்சம் வங்கிக் கடன். மானியம் 35%, 3.5 லட்சம். நகரத்தில் போட்டால் 25%தான். பெண்கள், பிற்படுத்தப்பட்டோர், முன்னாள் ராணுவத்தினர் எல்லாம் சிறப்புப் பிரிவு. பொதுப் பிரிவு ஆணுக்குக் கைக்காசு 10%, மானியம் ஊரகத்தில் 25%, நகரத்தில் 15%.

மானியம் கைக்கு வராது. 3 வருஷம் வங்கியில் டெபாசிட்டாக முடங்கிக் கிடக்கும். அந்த அளவு கடனுக்கு வட்டி இல்லை. யூனிட் ஓடுகிறதா என்று நேரில் பார்த்த பிறகே கடனில் கழிப்பார்கள். பலர் கோட்டை விடுவது நடைமுறை மூலதனத்தில்தான், அதாவது சரக்கு, கூலி மாதிரி அன்றாடச் செலவுக்கு வங்கி ஒதுக்கும் கடன் லிமிட்டில். கூடுதலாகக் கேட்டு வாங்கிவிட்டு எடுக்காமல் விடுவார்கள். அந்த 3 வருஷத்தில் ஒருமுறையாவது முழு லிமிட்டையும் தொட வேண்டும், சராசரியாக 75% பயன்படுத்தியிருக்க வேண்டும். இல்லையென்றால் அதற்கேற்ற மானியம் திரும்பப் போகும். தேவையானதை மட்டும் திட்ட அறிக்கையில் போடுங்கள். நிலத்தின் விலையைச் சேர்க்க முடியாது.

விதியில் வயது வரம்பு இல்லாவிட்டாலும் மேனேஜர் மனசில் இருக்கும். தவணைக் காலம் 3 முதல் 7 வருஷம் என்பதால், "உங்களுக்குப் பிறகு யார் கட்டுவது?" என்று நேராகவே கேட்பார்கள். தொழிலைக் கவனிக்கப்போகும் மகனையோ மகளையோ முதல் சந்திப்பிலேயே கூட்டிப் போவது நல்லது. குறைந்தது 10 லட்சம் வரையிலான கடனுக்குச் சொத்து ஜாமீன் கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. கேட்டால் அதைச் சுட்டிக்காட்டலாம்.

கணவன், மனைவி இருவரில் ஒருவருக்கே கிடைக்கும். வேறு அரசுத் திட்டத்தில் மானியம் வாங்கிய யூனிட், ஏற்கெனவே ஓடும் யூனிட் இரண்டுக்கும் இடமில்லை. உற்பத்தியில் 10 லட்சத்தையும் சேவையில் 5 லட்சத்தையும் தாண்டினால் எட்டாம் வகுப்புச் சான்று கட்டாயம். பழைய பள்ளிச் சான்று தொலைந்திருந்தால் நகலுக்கு முன்கூட்டியே எழுதிப் போடுங்கள். விண்ணப்பம் முழுக்க ஆன்லைன்தான். ஏஜென்சி என்ற இடத்தில் மாவட்டத் தொழில் மையத்தைத் தேர்ந்தெடுத்தால், சந்தேகம் வரும்போது மாவட்டத் தலைநகரிலேயே நேரில் போய்க் கேட்கலாம்.