மூன்று முறை கூலன்ட் மாற்றியாச்சு, அந்தக் ‘களக்’ மட்டும் போகவில்லை

‘நீ கூலன்ட்டை வீட்டுலயே மாத்துறியாமே, நானும் பண்ணட்டுமா?’ என்று நண்பன் கேட்டு இரண்டு வாரம் ஆகிறது. கார் இன்ஜினைச் சூடேறாமல் காக்கும் திரவம்தான் கூலன்ட். சர்வீஸ் சென்டரில் சொன்ன தொகையைக் கேட்டுவிட்டு வந்த சூட்டில் கேட்டான். தாராளமா பண்ணு என்று சொல்லிவிட்டேன். போன ஞாயிற்றுக்கிழமை என் காருக்கடியில் படுத்து எழுந்த பிறகு அந்தப் பதிலில் எனக்கே பாதி நம்பிக்கைதான் இருக்கிறது.

கார் 2012 மாடல் டீசல் ஹேட்ச்பேக். 1,46,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. வீடு நாமக்கல். ஊரே லாரி ஊர் என்பதால் ரேடியேட்டரைப் பற்றி அபிப்பிராயம் இல்லாத ஆள் இங்கே கிடையாது. ‘நம்ம வெயிலுக்கு தெர்மோஸ்டாட் எதுக்குடா, கழட்டி வீசு. பச்சைத் தண்ணி ஊத்துனா போதும்’ என்பது முப்பது வருஷம் லாரி ஓட்டிய சித்தப்பாவின் தீர்ப்பு. இங்கே எதுவும் உறையப் போவதில்லை என்பது சரிதான். ஆனால் கூலன்ட் அதற்கு மட்டும் இல்லையே. தண்ணீரும் கிளைகால் என்ற ரசாயனமும் பாதிக்குப் பாதி சேர்ந்த கலவை, ரேடியேட்டர் மூடி கொடுக்கும் அழுத்தத்தில், சுமார் 125 டிகிரி வரை கொதிக்காமல் தாங்கும். அதைவிட முக்கியம், துருப் பிடிக்காமல் காக்கும் மருந்து அதில்தான் இருக்கிறது. தெர்மோஸ்டாட் என்பது இன்ஜின் சூடாகும்வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாத வால்வு. அதைக் கழற்றினால் இன்ஜின் சரியான சூட்டுக்கே வராது, டீசல்தான் கூடுதலாகப் போகும். இதையெல்லாம் சித்தப்பாவிடம் சொல்லிப் பார்த்தேன். சிரித்தார்.

2019-இல் முதல் முறை செய்தபோது பெருமையாக இருந்தது. ரேடியேட்டர் அடியில் இருக்கும் வடிகால் திருகைத் திறந்து பழையதை இறக்கினேன், ஹோஸ் போட்டு போர் தண்ணியால் அலசினேன், தண்ணீர் கலந்தே கடையில் கிடைக்கும் ரெடிமிக்ஸ் கூலன்ட்டை ஊற்றி மூடினேன். மூன்றரை லிட்டர்தான் உள்ளே போனது. காரின் கையேட்டில் மொத்தம் 6 லிட்டர் என்று போட்டிருக்கிறது. மீதி இரண்டரை லிட்டர் எங்கே என்று அன்றைக்கு யோசிக்கவில்லை. அது இன்ஜின் பிளாக்கிலும், டேஷ்போர்டுக்குப் பின்னால் ஹீட்டருக்குச் சூடு கொடுக்கும் ஹீட்டர் கோரிலும் நின்றுகொண்டிருந்தது. அத்தனையும் உப்புக் கரிக்கும் எங்கள் போர் தண்ணி.

கணக்கு போட்டுப் பாருங்கள். ரெடிமிக்ஸில் பாதிதான் கிளைகால். மூன்றரை லிட்டரில் ஒன்றே முக்கால் லிட்டர். அதை 6 லிட்டரில் பரப்பினால் நூற்றுக்கு 29. ஐம்பது இருக்க வேண்டிய இடம். 2022-இல் இரண்டாம் முறை வடிகால் திருகைத் திறந்தபோது வந்தது டீக்கடை டிகாக்‌ஷன் நிறம். ஊற்றும்போது பச்சையாக இருந்த சரக்கு அது. விரலில் தேய்த்தால் நறநறவென்று மணல் மாதிரி இருந்தது. யாரைத் திட்டுவது? கையேட்டில் எல்லாம் சரியாகத்தான் போட்டிருக்கிறது, நான்தான் படிக்கவில்லை.

அதிலிருந்து முறையை மாற்றினேன். அலசுவதற்கும் டிஸ்டில்டு வாட்டர்தான். மூன்று முறை நிரப்பி, ஓட்டி, இறக்கினால் பழையதில் நூற்றுக்கு ஏழு பங்குதான் உள்ளே தங்கும். உள்ளே நிற்கும் இரண்டரை லிட்டர் தண்ணியையும் சேர்த்துக் கணக்குப் போட்டு, கடைசியில் ரெடிமிக்ஸுக்குப் பதிலாக தண்ணீர் கலக்காத கான்சன்ட்ரேட் 3 லிட்டர், மேலே அரை லிட்டர் டிஸ்டில்டு வாட்டர். பழைய வகைக்கு எது ஒத்துப்போகும் என்று டப்பாவில் படித்துத்தான் வாங்கினேன், நிறத்தைப் பார்த்து அல்ல. போன ஞாயிறு திறந்தபோது வந்தது, ஊற்றிய அதே பச்சை. கண்ணாடி டம்ளரில் பிடித்து வெயிலில் தூக்கிப் பார்த்தேன். வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். யாருக்கும் அதில் அக்கறை இல்லை.

இது வரைக்கும் சந்தோஷம். இனி அந்தக் ‘களக்’. அதற்குக் காரணம் காற்று.

நிரப்பி முடித்ததும் உள்ளே ஏர் பிடித்துக்கொள்ளும். போர் மோட்டார் ஏர் பிடித்துத் தண்ணீர் ஏறாமல் நிற்பதைப் பார்த்தவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. அதை வெளியேற்ற ரேடியேட்டர் வாய் மேலே இருக்க வேண்டும் என்பதால் காரின் மூக்கை கேட் சரிவில் ஏற்றி நிறுத்துகிறேன். லிட்டர் வாட்டர் பாட்டிலின் அடியை அறுத்து, கழுத்தில் சைக்கிள் டியூப் துண்டைச் சுற்றி, ரேடியேட்டர் வாயில் இறுக்கித் திணித்தால் அருமையான புனல். அதில் பாதிவரை கூலன்ட் நிற்கும், குமிழி வர வர அது கீழே இறங்கும். இன்ஜின் ஓட வேண்டும், ஹீட்டர் முழுச் சூட்டில் இருக்க வேண்டும். என் தெர்மோஸ்டாட்டில் 88 என்று பொறித்திருக்கிறது. அந்தச் சூடு வந்தால்தான் திறக்கும். டீசல் இன்ஜின் சும்மா நின்று ஓடினால் சூடேற அரை மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. மே மாதம், நாமக்கல், கண்ணாடியை இறக்கிவிட்டு ஹீட்டர் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, ‘ஏனுங்க, ஏசி ரிப்பேருங்களா?’ என்றார்.

மேல் ஹோஸை அமுக்கி அமுக்கி விட்டேன். குமிழி வந்தது, நின்றது, ஃபேன் இரண்டு முறை ஓடி அடங்கியது. இனி ஒன்றும் இல்லை என்று, ஆறியதும் மூடியைப் போட்டேன். சூடாக இருக்கும்போது அந்த மூடியில் கை வைத்து முகம் வெந்தவர்கள் உண்டு, அதில் மட்டும் நான் அவசரப்படுவதில்லை. மறுநாள் காலை சாவியைத் திருப்பினால் டேஷ்போர்டுக்குப் பின்னால் ‘களக், களக்’. யாரோ பானையில் தண்ணீர் மொள்கிற சத்தம். 2019-லும் இதே சத்தம், 2022-லும் இதே. மூன்று நாள், சில சமயம் ஒரு வாரம் இருந்துவிட்டுத் தானாகப் போகும். ரிசர்வ் டப்பாவில் ஒரு விரற்கடை குறையும், நிரப்புவேன். இன்ஜினுக்கு அதனால் கெடுதல் வந்ததில்லை. போன வருஷம் ஏசியோடு கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவும் ஏறினேன், டெம்பரேச்சர் முள் நடுவில் ஆணி அடித்த மாதிரி நின்றது. இருந்தும் அந்தச் சத்தம் எனக்கு ஆகாது. ஒரு ஞாயிறு முழுக்க வேலை செய்தவனைப் பார்த்துக் கார் நையாண்டி பண்ணுகிற மாதிரி இருக்கிறது.

இன்னொரு தொல்லை, இறக்கிய பழைய கூலன்ட். இனிப்பாக இருக்கும், நாய் நக்கினால் செத்துப்போகும், சாக்கடையிலும் விடக் கூடாது. ஒர்க்‌ஷாப்பில் வாங்க மாட்டேன் என்றார்கள். 2022 கேன் இன்னும் ஷெட்டில் பரண் மேல் இருக்கிறது, ‘விஷம்’ என்று மார்க்கரில் எழுதி. இப்போது பக்கத்தில் இன்னொன்று.

ஆக, நண்பனுக்கு இன்றைய பதில்: வேண்டாம். தெரிந்த மெக்கானிக்கிடம் விடு, டிஸ்டில்டு வாட்டர் கேனையும் கான்சன்ட்ரேட்டையும் நீயே வாங்கிக்கொண்டு போ, அவர் ஹோஸை எடுத்துக்கொண்டு குழாய்ப் பக்கம் போனால் தடு. அதையும் மீறி வீட்டில்தான் செய்வேன் என்றால், புனலை வந்து வாங்கிக்கொள். திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், 2028-க்கு எனக்கு வேண்டும்.