சட்டை மாறிவிட்டது, எர்ரரைக் காணோம்

சந்தாவைப் பாதி விலைக்குக் கொடுக்கிறார்கள், வாங்கலாமா என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். வெப்பும் மொபைல் ஆப்பும் ஒரே சந்தாவில் சொல்லித்தரும் அந்த வீடியோ கோர்ஸ்தான். பக்கம் கட்டும் எச்டிஎம்எல்லில் ஆரம்பித்து, வெப்புக்கு ரியாக்ட், சர்வருக்கு நோட் ஜேஎஸ், மொபைல் ஆப்புக்கு ரியாக்ட் நேட்டிவ், ஃப்ளட்டர், கடைசியில் கொஞ்சம் காட்லின் என்ற ஆண்ட்ராய்டு மொழி என்று போகும். விளம்பரத்தைப் பார்த்த எல்லோருக்கும் பாடத்திட்டம் மனப்பாடமாகியிருக்கும், நான் வேறு ஒப்பிக்க வேண்டியதில்லை. வருடக்கணக்காக இதை வைத்திருக்கிறேன். ஆமாம் என்றோ வேண்டாம் என்றோ ஒரே வார்த்தையில் பதில் வரவில்லை, அதனால்தான் இவ்வளவு நீளம்.

எரிச்சலை முதலில் கொட்டிவிடுகிறேன். இந்தக் கோர்ஸில் எதுவுமே உடையாது. ஆசிரியர் டைப் அடிப்பார், சேவ் செய்வார், திரையில் வந்து நிற்கும். எப்போதாவது டெர்மினலின் ஓரத்தில் சிவப்பாக ஏதோ எட்டிப் பார்க்கும், அடுத்த நொடி வீடியோவில் ஒரு வெட்டு விழும், மனிதர் அதே நாற்காலியில்தான் இருப்பார், ஆனால் நீலச் சட்டை சாம்பல் சட்டையாக மாறியிருக்கும். கோட் அழகாக ஓடிக்கொண்டிருக்கும். "சரி, அடுத்ததுக்குப் போவோம்" என்பார். அந்த இரண்டு சட்டைகளுக்கும் நடுவே அவர் ஒரு ராத்திரி முழுக்கத் தலையைப் பிய்த்துக்கொண்டிருப்பார் இல்லையா, அதைப் பார்க்கத்தானே நான் காசு கட்டினேன்!

முதலில் இது கண்ணில் பட்டது ரியாக்ட் நேட்டிவ் பகுதியில். வெப் பாடத்தில் செய்த அதே நோட் சர்வரிலிருந்து மொபைல் ஆப்பில் தரவை எடுக்க வேண்டும். லோக்கல்ஹோஸ்ட் (அதாவது இதே கருவி), போர்ட் 3000 என்று முகவரி எழுதுகிறார், கம்ப்யூட்டருக்குள் ஓடும் போலிப் போனான ஆண்ட்ராய்டு எமுலேட்டரில் ரன் கொடுக்கிறார், வெட்டு. திரும்பி வரும்போது சட்டையும் மாறியிருக்கிறது, கோடில் லோக்கல்ஹோஸ்ட் இருந்த இடத்தில் 10.0.2.2 என்று இருக்கிறது. ஏன், எப்படி, ஒரு வார்த்தை கிடையாது. நான் இங்கே நெட்வொர்க் ரிக்வெஸ்ட் ஃபெயில்டு என்ற மஞ்சள் பெட்டியை முறைத்துக்கொண்டிருக்கிறேன்.

விஷயம் இவ்வளவுதான்: எமுலேட்டர் என்பது தனி ஒரு கருவி மாதிரி, அதற்குள்ளிருந்து லோக்கல்ஹோஸ்ட் என்றால் அது தன்னையே தேடிக்கொள்ளும், உங்கள் கம்ப்யூட்டரை அல்ல. கம்ப்யூட்டரைத் தொட எமுலேட்டருக்குள் ஒதுக்கி வைத்திருக்கும் முகவரிதான் 10.0.2.2. ஐஓஎஸ் சிமுலேட்டருக்கு இந்தப் பஞ்சாயத்து இல்லை, அது மேக்கின் நெட்வொர்க்கையே பயன்படுத்துகிறது, லோக்கல்ஹோஸ்ட் என்றே போடலாம். நிஜ ஆண்ட்ராய்டு போனை யுஎஸ்பியில் செருகினால் ஏடிபி ரிவர்ஸ் என்ற ஒரு கட்டளை போதும், போனின் 3000 போர்ட்டுக்கு வருவதெல்லாம் உங்கள் கம்ப்யூட்டரின் 3000 போர்ட்டுக்கு வந்துவிடும். முப்பது வினாடியில் சொல்லி முடித்திருக்கலாம். சட்டை மாற்ற அதைவிட அதிக நேரம் ஆகியிருக்கும்.

இதோடு முடிந்திருந்தாலும் மன்னித்திருப்பேன். எழுதும்போது சோதிக்கும் டீபக் பில்டில் எல்லாம் ஓடும், பயனருக்குத் தரும் ரிலீஸ் பில்டு எடுத்துப் போனில் போட்டால் ஒரு தரவும் வராது, எர்ரர்கூடத் தெரியாது, வெள்ளைத் திரை. ஆண்ட்ராய்டு 9-லிருந்து எச்டிடிபிஎஸ் இல்லாத வெறும் எச்டிடிபி இணைப்பை இயல்பாகவே தடுத்துவிடுகிறார்கள், ரியாக்ட் நேட்டிவ் டெம்ப்ளேட் டீபக்குக்கு மட்டும் அதைத் திறந்து வைத்திருக்கிறது. ஃப்ளட்டரில் இன்னும் வேடிக்கை. இன்டர்நெட் பெர்மிஷன் டீபக், ப்ரொஃபைல் மேனிஃபெஸ்ட்களில், அதாவது ஆப்பின் அனுமதிகளை எழுதும் ஃபைல்களில், தானாகவே இருக்கும், ஏனென்றால் சேவ் செய்தவுடன் திரையை மாற்றும் ஹாட் ரீலோடுக்கு அது தேவை. முதன்மை மேனிஃபெஸ்டில் நாமே எழுதவில்லை என்றால் ரிலீஸ் ஆப்புக்கு இணையமே கிடையாது. கோர்ஸ் முழுக்க டீபக் பில்டிலேயே ஓடுவதால் இந்த இரண்டு பள்ளமும் அவர் பாதையில் வரவே வராது. நீங்கள் எதில் கற்றாலும் சரி, முதல் திரை வந்த அன்றே ஒரு ரிலீஸ் பில்டு எடுத்து நிஜ போனில் போட்டுப் பாருங்கள், கடைசி வாரம் வரை தள்ளாதீர்கள்.

அப்புறம் எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. சட்டை எங்கே மாறுகிறது என்று பார்ப்பேன், மாறிய இடத்தில் வீடியோவை நிறுத்துவேன், வெட்டுக்கு முந்தைய கோடை அப்படியே ஓட்டி நானே உடைத்துப் பார்ப்பேன். இந்தக் கோர்ஸில் நான் கற்றதில் பெரும்பகுதி இப்படித்தான் கிடைத்தது, பாராட்டா திட்டா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

உதாரணமாக கார்ஸ், அதாவது ஒரு தளத்தின் பக்கம் வேறு தளத்தின் தரவைப் படிக்கலாமா என்பதற்கான பிரௌசர் விதி. பிரௌசர் கன்சோலில் சிவப்பு வரி, வெட்டு, புதுச் சட்டை, சர்வரில் ஒரு பேக்கேஜ் நிறுவி எல்லா ஆரிஜினுக்கும் (கேட்கும் தளத்தின் முகவரி) நட்சத்திரக் குறி போட்டு அனுமதி கொடுத்திருக்கிறார். சர்வர் ஒழுங்காகப் பதில் அனுப்பிவிட்டது, அதைப் பக்கத்தின் கோட் படிக்க விடாமல் பிடித்து வைத்திருப்பது பிரௌசர்தான் என்று அவர் சொல்லவில்லை. அது தெரிந்தால், சர்வரிடம் தரவு கேட்கும் வழியான ஏபிஐ-யைச் சோதிக்கும் போஸ்ட்மேனில் வேலை செய்வது பிரௌசரில் ஏன் செய்யவில்லை, அதே ஏபிஐ மொபைல் ஆப்பில் ஏன் முணுமுணுக்காமல் ஓடுகிறது என்பதெல்லாம் தானாகப் புரிந்துவிடும். நட்சத்திரக் குறியோடு விட்டதன் பலன் சில பாடம் தாண்டி லாகின் பகுதியில் வருகிறது, குக்கி அனுப்பும் கோரிக்கைகளுக்கு நட்சத்திரம் செல்லாது, ஆரிஜினைப் பெயர் சொல்லித்தான் எழுத வேண்டும். அங்கேயும் ஒரு வெட்டு. இம்முறை பச்சைச் சட்டை.

என்னை உண்மையிலேயே கோபப்படுத்தியது வேறொன்று. ரியாக்ட் 18, அதாவது 2022-இல் வந்தது, பிழை பிடிக்க உதவும் ஸ்ட்ரிக்ட் மோடில் டெவலப்மென்ட் சமயத்தில் ஒவ்வொரு காம்போனென்டையும் (திரையின் ஒரு துண்டு) ஒருமுறை ஏற்றி, இறக்கி, மறுபடி ஏற்றும். அதனால் திரையில் ஏறியதும் ஓடும் யூஸ்எஃபெக்ட் இரண்டு தடவை ஓடும், ஏபிஐ இரண்டு தடவை கூப்பிடப்படும். நீங்கள் டைமரையோ சப்ஸ்கிரிப்ஷனையோ திறந்துவிட்டு மூடாமல் போயிருந்தால் முகத்தில் அடித்துக் காட்டுவதற்காகவே அதை அப்படி வைத்திருக்கிறார்கள். இவர் என்ன செய்தார் தெரியுமா, ஸ்ட்ரிக்ட் மோடு வரியையே அழித்துவிட்டார்! இறங்கும்போது ஓடும் கிளீனப் ஃபங்ஷனில் டைமரை நிறுத்துவதோ, அபார்ட் கன்ட்ரோலர் வைத்துப் பாதியில் இருக்கும் கோரிக்கையை ரத்து செய்வதோ காட்டியிருந்தால் அது பாடம். இது புகை அலாரத்தின் பேட்டரியைக் கழற்றும் வேலை.

பழசாகிப் போன பகுதிகளைப் பற்றி அதிகம் பேசப் போவதில்லை, இந்தத் துறையில் எல்லாமே பழசாகும். புது ப்ராஜெக்டைத் தொடங்கித் தரும் கிரியேட் ரியாக்ட் ஆப்பை ரியாக்ட் குழுவே 2025 பிப்ரவரியில் கைவிடச் சொல்லிவிட்டது, இங்கே இன்னும் அதில்தான் ஆரம்பிக்கிறார்கள், கீழே சின்ன எழுத்தில் அதற்கு மாற்றான வீட் பயன்படுத்துங்கள் என்று ஒரு குறிப்பு. ஆண்ட்ராய்டு பகுதியில் ஆப்பைக் கட்டும் கருவியான கிரேடிலின் ஆண்ட்ராய்டு பிளகின் 8-க்கு மாறினால் ஜேடிகே 17 (ஜாவா கருவித்தொகுப்பு) வேண்டும் என்ற தகவல் எங்குமே இல்லை, பழைய ஜாவா வைத்திருக்கும் புதியவர் முதல் கிரேடில் சிங்க்கிலேயே மாட்டிக்கொள்வார்.

ஆனால் வெளியிடும் பாடத்தை விட முடியாது. ஆப்பை பிளே ஸ்டோரில் ஏற்றுவது பற்றி ஒரே ஒரு குட்டி வீடியோ, பட்டனை அழுத்துகிறார், வாழ்த்துகள் என்கிறார், முடிந்தது. 2023 நவம்பர் 13-க்குப் பிறகு திறந்த தனிநபர் கணக்கு என்றால் அவ்வளவு சுலபமாக விடமாட்டார்கள், மூடிய சோதனை நடத்த வேண்டும், முதலில் 20 சோதனையாளர்கள் கேட்டார்கள், பிறகு 12 ஆகக் குறைத்தார்கள், அவர்கள் 14 நாள் தொடர்ந்து சேர்ந்திருக்க வேண்டும். கோர்ஸ் முடித்த அன்றே ஆப்பை வெளியிட்டுவிடலாம் என்று கனவு கண்டவர் இப்போது பன்னிரண்டு பேரைத் தேடி அலைய வேண்டும். அதோடு 2025 ஆகஸ்ட் 31-லிருந்து புது ஆப்களும் அப்டேட்களும் குறைந்தது ஆண்ட்ராய்டு 15-ஐ, அதாவது ஏபிஐ 35 என்ற பதிப்பு எண்ணை, இலக்காக வைக்க வேண்டும் என்று கொண்டுவந்தார்கள். சரி என்று எண்ணை மாற்றினால் திரை விளிம்பு வரை விரிந்துவிடும், கீழே இருந்த சேமி பட்டன் போனின் நேவிகேஷன் பட்டைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஒரு எண்ணை மாற்றியதற்கு எல்லாத் திரைகளிலும் விளிம்பு இடைவெளியான இன்செட் கணக்குப் பார்த்துத் திரிய வேண்டும். இதெல்லாம் தெரியாமல் வாழ்த்துகள் சொல்கிறார் மனிதர்.

ஒருமுறை ஆதரவுக் குழுவுக்கு எழுதினேன், தயவுசெய்து பிழைகளை வெட்டாதீர்கள் என்று. உங்கள் கருத்துக்கு நன்றி என்று பதில் வந்தது, கூடவே ஒரு தள்ளுபடிக் கூப்பன்.

நியாயமாகவும் பேச வேண்டும். நாற்பது நிமிடம் கிரேடில் சுற்றிக்கொண்டிருப்பதைப் படம் எடுத்துப் போட்டால் யார் பார்ப்பார்கள், நானே ஓட்டிவிட்டுத்தான் பார்ப்பேன். அவர் சொல்லிக்கொடுப்பதில், ஜாவாஸ்கிரிப்ட் எந்த வேலையை எப்போது ஓட்டுகிறது என்ற ஈவென்ட் லூப் பாடம் நான் பார்த்தவற்றில் ஆகச் சிறந்தது. நேரம் கழித்து ஓட்டும் செட்டைம்அவுட்டில் பூஜ்யம் கொடுத்தாலும், பின்னால் வரப்போகும் பதிலுக்கான ப்ராமிஸின் 'தென்' ஏன் முந்திக்கொள்கிறது என்பதை அம்பு படமும் அலங்காரமும் இல்லாமல் வெறும் காகிதத்தில் எழுதிக் காட்டுவார், அதற்குப் பிறகு அசிங்க், அவெய்ட் எல்லாம் எனக்குக் குழம்பியதே இல்லை. டெம்ப்ளேட் எதையும் வைத்து ஒப்பேற்றாமல் பக்க அமைப்புக்கான ஃப்ளெக்ஸ்பாக்ஸை அடியிலிருந்து கட்டுவதும் நன்றாகவே இருக்கும். கையில் திறமை இருக்கிற ஆள். அதனால்தான் எரிச்சல் கூடுகிறது.

இனி, நான் எதிர்பார்க்காமல் கிடைத்தது. பட்டியலின் அடியில், போனஸ் என்று பெயர் போட்டு, யாரும் கிளிக் செய்யாத மாதிரி ஒளித்து வைத்த ஒரு பகுதி இருக்கிறது. வேறொரு ஆசிரியை. எடிட்டிங் கிடையாது, ஒரே மூச்சில் எடுத்தது, நடுவில் அவருடைய போன் அடிக்கிறது, ஒருமுறை கோபத்தில் கீபோர்டைத் தள்ளிவிடுகிறார். அவர் முன்னால் எர்ரர் வந்தால் வீடியோ நிற்பதில்லை. "இருங்க, படிப்போம்" என்கிறார்.

படிப்பது எப்படி என்றும் சொல்கிறார். எர்ரர் எந்த வழியாக வந்தது என்று காட்டும் நீளமான ஸ்டாக் டிரேஸில் மேலிருந்து கீழே வந்து, நீங்கள் எழுதிய ஃபைலின் பெயர் முதலில் எங்கே வருகிறதோ அங்கே நில்லுங்கள், அதற்கு மேலே இருப்பது லைப்ரரியின் புலம்பல். கிரேடில், ஜாவா எர்ரர் என்றால் தலைகீழ், காஸ்டு பை என்று தொடங்கும் வரிகளில் கடைசி வரியைத் தேடுங்கள், மூலக் காரணம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். இவ்வளவு எளிய விஷயத்தை முக்கியப் பகுதியின் நூற்றுச்சொச்சம் வீடியோக்களில் எதிலும் யாரும் சொல்லவில்லை.

அவர் எமுலேட்டரையே தொடுவதில்லை. கண்ணாடி உடைந்த ஒரு பழைய போனை யுஎஸ்பியில் செருகி, குரோமின் இன்ஸ்பெக்ட் பக்கத்தைத் திறந்து, போனில் ஓடும் தளத்தைக் கம்ப்யூட்டரிலிருந்து டீபக் செய்கிறார். பிரௌசரின் டெவ்டூல்ஸில் போன் அளவுக்குத் திரையைச் சுருக்கினால் அகலம்தான் மாறும், பிராசஸர் உங்கள் லேப்டாப்புடையதுதான் என்பதை அந்தப் போனில் ஒரு லிஸ்டை ஸ்க்ரோல் செய்தே புரிய வைத்துவிடுகிறார். உயரத்துக்கு 100 விஎச், அதாவது முழுத் திரை உயரம், கொடுத்த பக்கத்தில் முகவரிப் பட்டை எப்படிக் கீழ்ப் பட்டனை விழுங்குகிறது, முகவரிப் பட்டைக்கேற்ப மாறும் டிவிஎச் போட்டால் எப்படிச் சரியாகிறது என்பதையும் காட்டுகிறார். அப்புறம் ஒரு ஐபோனை எடுத்து, இன்புட் பெட்டியின் எழுத்து 16 பிக்சலுக்குக் குறைந்தால் அதைத் தொட்டவுடன் சஃபாரி முழுப் பக்கத்தையும் பெரிதாக்கிவிடும் என்று காட்டுகிறார். எங்கள் வேலையில் அந்த ஒரு பிழையை வாடிக்கையாளர் பல மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார், எவருக்கும் காரணம் தெரியவில்லை. அன்றே மூடினோம்.

ஆண்ட்ராய்டின் டெவலப்பர் ஆப்ஷன்ஸில் ஆக்டிவிட்டிகளை (ஆப்பின் திரைகளை) வைத்திருக்காதே என்று ஒரு சுவிட்ச் உண்டு. அதைப் போட்டுவிட்டு அவர் ஒரு ஃபார்மைப் பாதி நிரப்பி, வேறு ஆப்புக்குப் போய்த் திரும்பி வருகிறார். அவருடைய ஆப்பிலேயே எல்லாம் காலி. சிரித்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து சரி செய்கிறார். போட்டுப் பாருங்கள், உங்களுடையதும் காலியாகத்தான் வரும். கிட் பைசெக்டும் அவரிடம் கற்றதுதான், ஆயிரம் கமிட்டுகளுக்குள் (சேமித்து வைத்த மாற்றங்கள்) எதில் பிழை புகுந்தது என்று பத்து சோதனையில் பிடித்துவிடலாம், ஒவ்வொரு தடவையும் பாதியை ஒதுக்கிக்கொண்டே போவதால்.

மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு இரண்டு. மேலே இவ்வளவு புகழ்ந்துவிட்டு இரண்டா என்றால், ஆமாம், இன்று காலை மறுபடி ஒரு பாடத்தில் சட்டை மாறியது.

கேட்ட நண்பருக்கு: நீங்கள் இப்போதுதான் தொடங்குகிறீர்கள் என்றால் வாங்காதீர்கள், பாதி விலையானாலும். வெப் கையேடான எம்டிஎன்னும் ரியாக்டின் அதிகாரப்பூர்வப் பக்கங்களும் ஃப்ளட்டரின் பயிற்சிப் பாடங்களான கோட்லேப்களும் இலவசம், இதைவிடப் புதுசு, அங்கே தடுக்கி விழுந்தால் காரணமும் எழுதியிருக்கும். ஏற்கெனவே ஏதாவது ஒன்றைக் கட்டி அது பயனர் கையில் உடைந்த அனுபவம் இருந்தால் ஒரு மாதத்துக்கு மட்டும் எடுங்கள், நேரே அடியில் இருக்கும் போனஸ் பகுதிக்குப் போங்கள், முடித்ததும் தானாகப் புதுப்பிக்கும் தேர்வை அணைத்துவிடுங்கள். அணைக்கும் இடத்தை அமைப்புகளில் மூன்று மெனுவுக்கு உள்ளே வைத்திருக்கிறார்கள்.

நான் ஒரு வருடத்துக்குப் புதுப்பித்துவிட்டேன். அந்த ஆசிரியை அடுத்ததாக, இணையம் இல்லாதபோது செய்த மாற்றங்களைப் பிறகு ஒன்றுசேர்க்கும் ஆஃப்லைன் சிங்க் பற்றி எடுக்கப் போகிறாராம், இரண்டு போனில் ஒரே பதிவைத் திருத்தினால் எது ஜெயிக்க வேண்டும் என்ற அந்தத் தலைவலிதான். யாரும் அதை எடிட்டரிடம் கொடுத்துத் தொலைக்காமல் இருந்தால் சரி.